ஊரோடு பழக நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர்ப் பக்கம் சமூகப்பணி படித்துவிட்டுத் தொண்டு நிறுவனத்தில் சேரும் பிள்ளைகள் கைக்கு முதலில் வருவது டேப்லெட்டும் கணக்கெடுப்புப் படிவமும்தான். ஊருக்குள் போகிறார்கள், கேட்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். திட்டம் முடிந்தால் ஆளும் மாறிவிடுகிறார். அடுத்து வருபவரிடம் மகளிர் குழுத் தலைவி முதலிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். அவருக்கு அலுத்துப்போகாதா?

இதே மண்ணில்தான் அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனை தொடங்கினார். பிறகு சாலையோரம் வண்டியை நிறுத்தி வைத்தியமும் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஊரக சுகாதார, சமூகநல மையமான ரூசா 1977 முதல் கே.வி.குப்பத்திலேயே இருக்கிறது. ஓராண்டு 'புராஜெக்ட்' இவ்வளவு தூரம் வருமா?

கருத்தரங்கில் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வதையும் உறவு என்கிறார்கள். சரி, அதுவும் தேவைதான். ஆனால் நிதி நின்றபோது கைகொடுப்பவர்கள் அங்கன்வாடி டீச்சரும் ஊராட்சிச் செயலாளரும்தான். காதுகுத்துக்கும் சாவுக்கும் வந்து நின்றவரிடம்தான் ஜனங்கள் வீட்டுக் கடனையும் பிள்ளை படிப்பை நிறுத்தியதையும் வாய்திறந்து சொல்வார்கள். படிவத்தில் அதெல்லாம் வராது.

களப்பணியாளரை மூன்றாண்டாவது ஒரே ஊராட்சிகளில் விட்டுவையுங்கள். சிஎஸ்ஆர் என்கிற சமூகப் பொறுப்பு நிதி தரும் கம்பெனிகள், அவர் திண்ணையில் உட்கார்ந்து பேசும் நேரத்துக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும். அப்புறம் அறிக்கை கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி