கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு

மஞ்சக்குப்பம், கடலூர்
தை 20

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாளே வந்துவிட்டது. ஃபிளாட் பத்திரத்தில் “பிரிபடாத பாகம்” என்றால் என்ன என்று நீ எழுத்தில் கேட்டதற்கு எழுத்திலேயே பதில் சொல்லணும் என்று இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். திட்டாதே.

முட்டி வலி அப்படியேதான் இருக்கு. மெஷினை மிதிக்க முடியாமல் மோட்டார் மாட்டியாச்சு. இப்போது ஜாக்கெட் மட்டும்தான், சுடிதார் என்று யார் வந்தாலும் பக்கத்துக் கடையைக் கை காட்டிவிடுகிறேன். மருமகளுக்கு வேலை நேரம் மாறினதால் சாயந்தரம் பேத்தி என்னிடம்தான். ஆறாம் வகுப்பு. அவளுக்கும் எனக்கும் ஒரு மாசமாகப் பின்னக் கணக்கில் சண்டை.

ஒருநாள் நோட்டில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதி வைத்திருந்தாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டாளாம். “ஏண்டி, பாதிச் சோத்துல இன்னும் கொஞ்சம் போட்டா பாதிக்கும் கம்மியா ஆயிடுமா?” என்று கேட்டேன். 2/5 பாதியை விடக் குறைவுதானே! அவள் முழித்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து நீட்டினேன். 60 இஞ்ச். அதில் பாதி 30, மூன்றில் ஒன்று 20, ஆக 50. அறுபதில் ஐம்பது, அதாவது ஆறில் ஐந்து. ஆச்சா?

விட்டாளா? மறுநாள் வந்து, “நேத்து வந்த ரெண்டு ஜாக்கெட்ல ஒண்ணு முடிச்சீங்க, இன்னிக்கு வந்த மூணுல ஒண்ணு. மொத்தம் அஞ்சுல ரெண்டு. அப்ப என் கணக்கும் சரிதானே?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அதுவும் சரிதான். அங்கே முழுசு மாறிக்கொண்டே போகிறது: ரெண்டு, மூணு, அப்புறம் அஞ்சு. டேப்பில் முழுசு ஒன்றே ஒன்று. எதில் பாதி, எதில் மூன்றில் ஒன்று என்று கேட்காமல் கூட்டினால் இப்படித்தான் ஆகும். இட்லிக்கு ஊறப்போடும்போதும் இதே கதை. நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து போடுகிறோம். உளுந்து கால் பங்கு என்றாள். அரிசியைப் பார்த்தால் கால். மாவைப் பார்த்தால் ஐந்தில் ஒன்று.

வகுத்தல்தான் அவளுக்கு மந்திரம் மாதிரி இருந்தது. “தலைகீழாக்கிப் பெருக்கணும்” என்று ஒப்பிக்கிறாள், ஏன் என்றால் தெரியாது. மூணு மீட்டர் லைனிங் துணியை மேசையில் விரித்தேன். ஒரு ஜாக்கெட்டுக்கு முக்கால் மீட்டர். முதலில் மொத்தத் துணியையும் கால் மீட்டராக மடிக்கச் சொன்னேன், 12 மடிப்பு வந்தது. மூணு மடிப்புக்கு ஒரு ஜாக்கெட் என்றால் நாலு. நாலால் பெருக்கினாள், மூணால் வகுத்தாள். முக்காலைத் தலைகீழாக்குவது என்றால் அவ்வளவுதான். எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது என்று அவளிடம் சொல்லவில்லை.

எட்டில் ஒன்று காலை விடப் பெரிசு என்பாள், எட்டு நாலை விடப் பெரிசாம். அதற்கும் டேப்தான். இஞ்சில் எட்டில் ஒன்று ஒரு நூல். கொத்தனாரும் “மூணு நூல் கம்பி” என்றுதானே கேட்கிறார்? கால் இஞ்ச் ரெண்டு நூல். எங்கப்பா சொல்லும் பெயரிலேயே விடை இருக்கும்: காலில் அரை அரைக்கால். அதில் பாதி வீசம், 16-ல் ஒன்று, பழைய ரூபாயில் ஓரணா. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த எண்சுவடி, அதாவது அந்தக் காலத்து வாய்ப்பாடு, கடைசி வரை மறக்கவில்லை அவருக்கு. இன்னொரு பக்கம் 20-ல் ஒன்று மா, 80-ல் ஒன்று காணி, 320-ல் ஒன்று முந்திரி.

முந்திரி என்றதும் பேத்தி பண்ருட்டி முந்திரிப் பருப்பா என்றாள். இல்லை. அந்தக் கொட்டையைப் போர்ச்சுகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது 16-ம் நூற்றாண்டில். பின்னம் அதற்கு முந்தியே சோழர் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை கேள். ஏற்றுமதிப் பருப்பில் டபிள்யூ 320 என்று ஒரு ரகம் இருக்கிறதே, அதில் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு வரை நிற்கும். அப்படியென்றால் ஒரு முந்திரிப் பருப்பு ஏறக்குறைய ஒரு பவுண்டில் ஒரு முந்திரி! தற்செயல்தான். ஆனாலும் அப்பா இருந்திருந்தால் ஊர் பூரா சொல்லியிருப்பார்.

இவ்வளவு நுணுக்கமான கணக்கில் ஒன்று மட்டும் மாட்டாது: மூன்றில் ஒன்று. 320-ஐ மூன்றாக்கினால் 106 போய் மிச்சம் நிற்கும். டேப்பிலும் அதே பாடு. மார்பளவில் 12-ல் ஒன்று கழுத்து அகலம் என்று நாம் சேர்ந்து படித்தோமே, 36-க்கு மூணு இஞ்ச், நறுக்கென்று வரும். 40 என்றால் மூணே மூன்றில் ஒன்று. ரெண்டு நூலுக்கு மேலே, மூணு நூலுக்குள்ளே, கண்ணால்தான் வைக்கணும். நாற்பது வருஷமாகக் கண்ணால்தான் வைக்கிறேன்.

இதைச் சொல்லும்போதுதான் பீரோவிலிருந்து அப்பாவின் பாகப் பத்திரத்தை எடுத்தேன். அண்ணன், தம்பி, நான், ஆளுக்கு மூன்றில் ஒன்று. 1989-ல் பெண்பிள்ளைக்குப் பங்குச் சட்டம் வருவதற்கு முன்னாலேயே எனக்கும் சேர்த்து எழுதின மனுஷன். நிலம் ஒரு காணி. இது எண்சுவடிக் காணி இல்லை, நம்ம பக்கத்து நூறு குழிக் காணி. நூறை மூன்றாக்கினால் 33 குழி, அப்புறம் மூன்றில் ஒரு குழி. குழி என்பது 24 அடிக்கு 24 அடி, அதில் மூன்றில் ஒன்று எட்டடிப் பட்டை. அந்த எட்டடி எங்கே விழுகிறது என்று அண்ணனும் தம்பியும் வரப்பில் நின்று கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கு. அளக்க வந்தவர் சென்ட்டில் போட்டார். காணி 132 சென்ட், ஆளுக்கு 44. மண்ணும் அதே, பங்கும் அதே, அளவுகோல்தான் வேறு. சத்தம் அடங்கிப் போச்சு.

பத்திரத்தில் அடுத்த வரி, “கிணற்றில் பொதுவில் மூன்றில் ஒரு பாகம்.” பேத்தி படித்துவிட்டு, “கிணத்தை எப்படிப் பாட்டி மூணா வெட்டுறது?” என்றாள்.

வெட்ட முடியாது. அதனால் நாட்களை வெட்டினோம். மூணு நாளைக்கு ஒரு முறை, ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர். பார்த்தால் சமம்தான். ஆனால் மோட்டாருக்கு வேண்டிய மும்முனைக் கரண்ட் ஒருநாள் கூடுதலாக வரும், ஒருநாள் காலையோடு போய்விடும். என் முறையில் ரெண்டு மணி நேரம், தம்பி முறையில் ஆறு. நாளில் மூன்றில் ஒன்று கிடைத்தது, தண்ணீரில் கிடைக்கவில்லை. பிறகு மோட்டார் ஓடுகிற மணியை நோட்டில் எழுதிப் பிரித்தோம். சித்திரையில் ஊற்று வற்றும்போது அந்த மணிக் கணக்கும் உதவாது, அது வேறு சண்டை.

சரி, நீ கேட்ட விஷயம். உன் மகள் லாஸ்பேட்டையில் பார்த்திருக்கிற ஃபிளாட்டில் “பிரிபடாத பாகம்” என்று போட்டிருக்கிறதே, அது என்ன என்றாய். எங்கள் கிணறு மாதிரிதான். அடியில் உள்ள மனையில் அவள் பங்கு இவ்வளவு என்று எழுத்தில் இருக்கும், இந்த இடம்தான் என்று கோடு கிழிக்க முடியாது. 2400 சதுர அடி மனையில் ஒரே அளவில் ஆறு வீடு என்றால் ஆளுக்கு 400. வீடுகள் சின்னதும் பெரிசுமாக இருந்தால் சமபங்கு நியாயமில்லை, வீட்டளவைப் பார்த்துப் பங்கு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு மாடியில் இன்னும் ரெண்டு வீடு ஏற்றினால் ஆறில் ஒன்று எட்டில் ஒன்றாகுமா என்றும் கேட்கச் சொல். எட்டு பெரிசாச்சே என்று சந்தோஷப்பட்டுவிடப் போகிறாள். கையெழுத்துக்கு முன் வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள், நான் வெறும் தையல்காரி.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் வருகிறேன் என்றாயே, நிஜமாகவே வா. உங்கள் புதுச்சேரி வைத்திக்குப்பத்து மாசி மகக் கூட்டம் எப்போதும் இருக்கிறதுதான். பத்திர நகலையும் எடுத்து வா, மூவரும் உட்கார்ந்து பார்க்கலாம். பண்ருட்டியிலிருந்து அரைக் கிலோ பருப்பு வாங்கி வைக்கிறேன். 320-தானா என்று எண்ணிப் பார்க்காமல் ஒன்றும் தொடக்கூடாது என்று பேத்தி உத்தரவு.

உன்,
கழுத்தில் டேப்போடு எப்போதும் இருப்பவள்