மேல்சரிவைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு நன்றி

எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) மேலே உள்ள சரிவில் வீட்டுமனை போடக் கேட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. ‘யார் சாதித்தது?’ என்று கோத்தகிரி கடைவீதியில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒருவர் பெயரைச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, அந்தச் சரிவில் தேயிலை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு. பசுந்தேயிலை விற்கிற காசு உரத்துக்கும் பறிகூலிக்குமே போய்விடுகிற காலம் இது. பிள்ளைகள் கோவையிலும் திருப்பூரிலும் வேலை தேடிப் போயிருக்க, நிலத்தை வாங்க முன்பணத்தோடு வாசலில் வந்து நிற்பவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வது சாதாரணமில்லை. வீட்டில் கல்யாணத்தை வைத்துக்கொண்டும் சொன்னீர்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. நாங்கள் எழுதிய மனுக்களுக்கு பலம் கொடுத்தது நீங்கள்தான்.

அப்புறம், ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயா. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய மனை வரைபடத்தை, அரசு நில அளவையில் உள்ள புல வரைபடத்தோடு வைத்துப் பார்த்தவர் அவர். மனை வரைபடத்தில், ஓடை இருக்க வேண்டிய இடத்தில் சாலை இருந்தது. ஊருக்குக் குடிதண்ணீர் தரும் சதுப்பு, ‘பூங்கா’ என்று பச்சை நிறத்தில் கிடந்தது. அதைக் கண்டுபிடித்த அன்றுதான் எங்களுக்கே நம்பிக்கை வந்தது.

கிராம சபையில் பேசிய கல்லூரி ஆசிரியை அக்காவுக்கும் நன்றி. 2009 நவம்பர் மழையில் இந்த நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்ணில் புதைந்து செத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் இதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சரிவைச் செங்குத்தாக வெட்டி, ஓடையையும் அடைத்தால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், ஊறிக் கனத்த மண் பிடிப்பை இழந்து சரியும் என்று அவர் விளக்கியபோது, முன்வரிசைப் பாட்டி ஒருவர் எழுந்து, “தண்ணிக்கு வழி விடலேன்னா அது வீட்டுக்குள்ளதான் வரும்” என்றார். மனை போடுவதை எதிர்த்த தீர்மானம் அதற்குப் பிறகு சட்டென்று நிறைவேறியது. கட்டடம் மலைப்பகுதிக்கான உயர வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறோம். அதற்காகப் பொக்லைன் எவ்வளவு ஆழம் மலையை வெட்டுகிறது என்பதையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும்.

சாலையோரம் ஜீப்பை நிறுத்திவிட்டு, மழையில் சதுப்பு வரை நடந்து வந்து பார்த்த அதிகாரிகளுக்கும் எங்கள் வணக்கம்.

எங்களோடு சேராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்ப் பிள்ளைகள் வீடு கட்டக் கூடாது என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. விளம்பரத்தில் இருந்தவை வெளியூர்க்காரர்கள் வார இறுதியில் வந்து தங்கும் பங்களாக்கள். ஊருக்குள் வீட்டுக்கு இடம் தேடுகிறவர்களோடு உட்கார்ந்து பேச நாங்கள் தயார்.

மனுக்கள், வரைபடங்கள், தீர்மான நகல் எல்லாம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் இருக்கின்றன. பக்கத்து ஊர்களில் இதே பிரச்சினை இருந்தால் வந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மனு எழுதவும் கூட இருப்போம்.

இப்படிக்கு,
ஊர் மக்கள்