ஓலையும் மெழுகும் முழமும் தந்தவர்களுக்கு

அன்பிற்குரிய சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து கைகொடுத்த ஊராருக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

கடந்த மே மாதம் 10 நாள் நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளியில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செய்த கைவேலைகளை, நிறைவு நாளன்று ஆலயத் தாழ்வாரத்தில் நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு எங்களைப் பாராட்டவும் செய்தீர்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு யார் யாருக்குச் சேர வேண்டும் என்பதை அன்றே மேடையில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பரிசு கொடுத்து முடிவதற்குள் பாலர் வகுப்பு பசியில் அழத் தொடங்கிவிட்டதால் அதற்கு இடமில்லாமல் போயிற்று. ஆகவே எழுத்தில் சொல்கிறோம்.

போன வருடம் நகரத்துக் கடை ஒன்றில் கைவேலைப் பொட்டலங்களை விலைக்கு வாங்கி வந்தோம். வெட்டித் தயாராக இருந்த துண்டுகளின் பின்தாளை உரித்து, குறித்த இடத்தில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது; சில பொட்டலங்களில் பேழை இருந்தது, நோவா இல்லை என்பது தனிக்கதை. பிள்ளைகள் கால் மணி நேரத்தில் ஒட்டிவிட்டு, "அடுத்து என்ன டீச்சர்?" என்று கேட்டார்கள். வகுப்பு விட்ட பிறகு பார்த்தால் வழிநெடுகப் பேழைகள் கிடந்தன. கடையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குச் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காத வேலையைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தான். அதனால் இந்த வருடம் வண்ணமும் தூரிகையும் மட்டுமே காசு கொடுத்து வாங்குவது, மற்றவற்றை ஊருக்குள் கேட்டுப் பெறுவது என்று முடிவு செய்தோம்.

முதல் நன்றி மேலத்தெருவில் ஓலைப்பெட்டி முடையும் பாட்டிமார் இருவருக்கு. மோசேயின் தாய் "ஒரு நாணற்பெட்டியை எடுத்து, அதற்குப் பிசினும் கீலும் பூசி" அதில் பிள்ளையைக் கிடத்தி நதியோரமாய் வைத்தாள் என்று யாத்திராகமம் 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இந்தத் தேரிக்காட்டு ஓரத்தில் நாணலுக்கு எங்கே போவது? பனைக்குக் குறைவில்லை. பாட்டிமார் குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் வகிர்ந்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். காய்ந்த ஓலை மடக்கினால் முறியும், நனைந்த ஓலைதான் விரலுக்கு வளையும் என்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். கருப்பட்டிக் கொட்டானும் பெட்டியும் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், அவற்றின் அடிப்பாகம் எப்படித் தொடங்குகிறது என்பதை முதன்முறையாகப் பார்த்தார்கள். குறுக்கோலையை ஒன்றுவிட்டு ஒன்று கோத்து, கட்டைவிரல் நகத்தால் பாட்டி நெருக்கித் தள்ளும்போது, பின்னலுக்கு நடுவே வெளிச்சம் தெரியாது. பிள்ளைகளின் பின்னலிலோ வெளிச்சம் தாராளமாகவே தெரிந்தது. "இறுக்கி முடை மக்கா, இல்லாட்டி பிள்ளை நனைஞ்சிரும்" என்று பாட்டி அதட்டியபோது, அந்தப் பிள்ளை மோசே என்பது யாருக்கும் விளக்கத் தேவைப்படவில்லை.

ஆனாலும் பிள்ளை நனையத்தான் செய்தது. அண்டாவில் தண்ணீர் நிரப்பி, துணிப்பொம்மை வைத்த பெட்டியை விட்டுப் பார்த்தோம். சிறிது நேரம் மிதந்தது, பிறகு அடியில் நீர் கசிந்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. அங்கேதான் எங்கள் ஆலயத்தைக் கூட்டிப் பராமரிக்கும் அண்ணன் உதவினார். கிறிஸ்துமஸ் கால மெழுகுவர்த்தி ஆராதனை முடிந்ததும் நாம் போட்டுவிட்டுப் போகிற மெழுகுத் துண்டுகளை அவர் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். அதை அவரே அடுப்பில் உருக்கி, பிள்ளைகளை எட்ட நிறுத்திவிட்டு, பெட்டியின் உள்ளும் புறமும் பூசிக் கொடுத்தார். மறுபடி தண்ணீரில் விட்ட பெட்டி, வகுப்பு முடியும் வரை மிதந்தது. "கீல்" (தார்) என்றால் என்னவென்று இதற்குமுன் எத்தனை தடவை விளக்கியிருப்போம்! இனி அந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டாம்.

பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கும் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தாவீதை எதிர்த்து நின்ற கோலியாத்தின் உயரம் "ஆறு முழமும் ஒரு ஜாணுமாம்" என்று 1 சாமுவேல் 17-இல் இருக்கிறது. அந்த உயரத்தைச் செய்தித்தாளில் வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். அதற்கு முழம் என்னும் அளவைப் பிள்ளைகள் கையால் உணர வேண்டும். நாள் முழுக்க முழம் போடுகிறவரைவிட அதற்குத் தகுந்த ஆசிரியர் யார்? அவர் வாசலில் தயங்கி நின்று, "நான் உள்ள வரலாமா?" என்று கேட்டது எங்களுக்குச் சற்றே வெட்கமாக இருந்தது, இத்தனை வருடம் அதே சாலையில் நடந்தும் நாம் ஒருமுறைகூட அவரை அழைக்கவில்லை அல்லவா? அவர் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை நூலைப் பிடித்து ஆறு தடவை அளந்து, மேலே ஒரு சாண் சேர்த்தபோது, உயரம் ஒன்பது அடியைத் தாண்டிவிட்டது. அடுத்து, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் கையால் அளந்தான். அவனுடைய கோலியாத் ஆறரை அடியோடு நின்றுவிட்டான். "முழம் சின்னதா இருந்தா பயமும் சின்னதாத்தான் இருக்கும்" என்று அக்கா சொல்லிச் சிரித்தார். மறுநாள் பாடத்தை அவரிடமே விட்டிருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது.

அதே முழக்கணக்குதான் நோவாவின் பேழைக்கும் உதவியது. ஆதியாகமம் 6-இல் நீளம் முந்நூறு முழம், அகலம் ஐம்பது, உயரம் முப்பது என்று சொல்லியிருப்பதைப் பத்து முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று குறைத்தால் 30, 5, 3 என வருகிறது. நீளம் சரியாக ஒரு பள்ளிக்கூட ஸ்கேல். படங்களில் பார்க்கும் குட்டையான, வயிறு பெருத்த படகுக்குப் பதில் நீண்ட பெட்டி ஒன்று கையில் வந்தபோது, மேல் வகுப்புப் பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. வேதாகமத்தைத் திறந்து சரிபார்த்த பிறகுதான் ஒட்டினார்கள். இதற்கான அட்டை முழுவதும் உங்கள் வீடுகளிலிருந்து வந்த பழைய திருமண அழைப்பிதழ்கள். பொன்னெழுத்தில் மணமக்கள் பெயரோடு மிதந்த பேழைகளை அடையாளம் கண்டுகொண்டவர்கள், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசைக்கு மைதா தந்த பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கும் நன்றி. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, விரலை வாயில் வைக்கும் பிள்ளைகள் நடுவில் ஆகாது என்று வெறும் மைதாவைக் காய்ச்சினோம். விளைவு, மூன்றாம் நாள் இரவு எலி புகுந்து, பேழைக்கென்று ஒட்டி வைத்திருந்த மிருகங்களில் பாதியைத் தின்றுவிட்டது. காலையில் ஆசிரியை ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, ஒரு சிறுமி, "எலியும் ஒரு ஜோடி பேழைக்குள்ள இருந்திச்சுல்ல டீச்சர்" என்றாள். அன்று மாலையே அண்ணாச்சி மூடியுள்ள தகரப் பெட்டி ஒன்றை அனுப்பிவைத்தார்; அதன் பிறகு சேதமில்லை.

யோசேப்பின் பலவருணமான அங்கிக்குப் பை நிறைய வெட்டுத்துணி தந்த தையற்கடை அண்ணனுக்கும், நாள்தோறும் பானக்காரமும் சுண்டலும் தந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், பசை அப்பிய தாழ்வாரத்தைக் கழுவிவிட்ட வாலிபர்களுக்கும் எங்கள் நன்றி. யோனாவின் பாடத்துக்கு ஆமணக்கு இலை கேட்டபோது, தோட்டத்துக்காரர் எங்களைப் பறிக்கவிடாமல், விதையில் விஷம் இருக்கிறது என்று சொல்லி, காய்க்குலைகளை ஒதுக்கிவிட்டு இலைகளை மட்டும் தாமே அறுத்துத் தந்தார். நிழலுக்காக அட்டையில் ஒட்டிய அந்த இலைகள் மறுநாள் காலையில் வாடிச் சுருண்டிருந்தன. யோனாவுக்கு நிழல் தந்த செடியும் ஒரே இரவில் முளைத்து மறுநாளே காய்ந்துபோனதுதானே. கதையின் அந்தப் பகுதிக்கு நாங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக ஒரு கணக்கு. தையற்கடையிலிருந்து இரவல் வாங்கிய கத்தரிக்கோல்களில் ஒன்று ஈர்க்கு வெட்டி முனை மழுங்கிவிட்டது. சாணை பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மோசேயின் பெட்டி மிதந்த அண்டா யாருடையது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. அதன் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறது, ஆனால் தேய்ந்துபோய்ப் பாதிதான் வாசிக்க முடிகிறது. ஆலயத்தின் பின்னறையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். உரியவர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள்