செயலரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்களும் பெற்றோர் சந்திப்புகளும் இவ்வாண்டு தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். ஆகவே, பால்புதுமையினர் (பாலீர்ப்பிலோ பாலின அடையாளத்திலோ பெரும்பான்மையினரிலிருந்து வேறுபட்டவர்கள்) மாநாட்டில் நம் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரைக்கும், அதைக் கேட்டவர்கள் அளித்த கருத்துகளுக்குமே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன்.

நோய்ப் பட்டியல்களிலிருந்து நாம் விடுபட்ட வரலாறே உரையின் பொருள். அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை (தம் பாலினத்தவர் மீதே கொள்ளும் ஈர்ப்பை) தன் மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியதையும், உலக சுகாதாரப் பேரவை 1990 மே 17 அன்று ஏற்றுக்கொண்ட பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 10ஆம் பதிப்பு அதே வழியில் சென்றதையும், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பு திருநர் (பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்ட பாலின அடையாளம் கொண்டோர்) தொடர்பான நோயறிதல் குறியீட்டை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துப் பாலியல் நலப் பகுதியில் வைத்ததையும் துணைச் செயலர் படக்காட்சியுடன் விளக்கினார். அவையினர் கூர்ந்து கேட்டனர்.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்த மனநல ஆலோசகர் ஒருவர், 10ஆம் பதிப்பு தன்பாலீர்ப்பை நோயன்று என ஏற்றபோதிலும், தம் ஈர்ப்பை எண்ணி வருந்தி அதை மாற்றிக்கொள்ள விரும்புவோருக்கெனத் தனியொரு குறியீட்டை வைத்திருந்ததையும், அது 11ஆம் பதிப்பில்தான் மறைந்ததையும் எடுத்துரைத்தார். ஈர்ப்பை மாற்றிவிடலாம் என்று அழைத்துச் செல்லப்பட்டவர்கள் நம் உறுப்பினர்களிலும் இருப்பதால், இக்கருத்தை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

அடுத்துப் பேசிய திருநம்பி (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, ஆணாகத் தம்மை அடையாளப்படுத்துபவர்) ஒருவரின் கருத்து நெடிய விவாதத்துக்கு வழிவகுத்தது. ஹார்மோன் சிகிச்சைக்கும் அறுவை சிகிச்சைக்கும் மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் ஏதேனும் ஒரு குறியீட்டைக் கேட்பதால் அது நீடிப்பது தேவை என்போரும், எந்தப் பெயரிலும் குறியீடு கூடாது என்போரும் நம்மிடையே இருக்க, திருநர் குறியீட்டின் இந்த இடமாற்றத்தை முழு வெற்றியாக மட்டும் கூறலாமா என்று அவர் கேட்டார். மருத்துவச் சான்று எதுவுமின்றி அடையாள ஆவணங்களில் பாலினத்தை மாற்றிக்கொள்ள அர்ஜென்டினா 2012இல் சட்டம் இயற்றியதை வேறொருவர் நினைவூட்டினார். ஆயினும் ஆவணம் வேறு, சிகிச்சை வேறு என்ற திருநம்பியின் மறுமொழியே எனக்குச் சரியெனப் படுகிறது.

பெயர் எழுதத் தேவையற்ற கருத்துச் சீட்டுகளையும் வழங்கியிருந்தோம். ஒலிவாங்கியின் முன் எழுந்து நின்றால் தம் அடையாளம் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுவோர் எந்த மாநாட்டிலும் உண்டு. அவர்களுடைய குரல் இச்சீட்டுகளில்தான் கிடைத்தது. குழந்தைப் பருவத்திலேயே, தம் இசைவின்றி அறுவை சிகிச்சைக்கு உள்ளாக்கப்பட்டதாக எழுதியிருந்த ஊடுபால் நபர் (ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடற்கூறுகளுடன் பிறந்தவர்) ஒருவர், இத்தகைய சிகிச்சையைத் தடைசெய்து மால்டா 2015இல் இயற்றிய சட்டத்தையும் உரையில் சேர்க்கக் கோரியுள்ளார். படக்காட்சியின் எழுத்துகள் பின்வரிசைக்குத் தெரியவில்லை என்பதும், திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்தால் பார்வையற்றோருக்கும் உதவும் என்பதும் ஏனைய பரிந்துரைகள்.

இக்கருத்துகளை இணைத்துத் திருத்திய உரையைச் செயற்குழு ஏற்றுள்ளது. இனிவரும் உரைகள் அனைத்திலும் பெயரற்ற கருத்துச் சீட்டுகளை வழங்கவும், அவற்றைச் செயற்குழுவினர் தவிர எவரும் பார்வையிடாமல் காக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலர்