விமானப் பயிற்சிக்குத் தயார் என்று சொல்லி விற்கப்பட்ட விஆர் ஹெட்செட்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.

பெறுநர்:
கிளை மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஜார்ஜ்டவுன் கிளை, பினாங்கு.

பொருள்: விஆர் ஹெட்செட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தரவும், விளம்பர வாசகத்தைத் திருத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தீபாவளிச் சலுகைக்காக நீங்கள் தமிழில் வெளியிட்ட விளம்பரத்தைப் பார்த்துத்தான் உங்கள் கடைக்கு வந்தோம். அதனால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன். கணினி, யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி), பெடல், விஆர் ஹெட்செட் (கண்ணில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் காட்சி பார்க்கும் கருவி) எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பு, விலை ரிம (மலேசிய ரிங்கிட்) 12,900. "வீட்டிலேயே முழுமையான விமானப் பயிற்சிக்குத் தயார்" என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். கணினி நன்றாக ஓடுகிறது. யோக்கும் பெடலும் உறுதியானவை. அவற்றில் எனக்குக் குறை எதுவும் இல்லை. என் புகார் ஹெட்செட்டைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, அது எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று சொல்லாமல் நீங்கள் விற்றதைப் பற்றியது.

என் மகள் டிப்ளோமா முடித்துவிட்டு அடுத்த ஆண்டு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேரக் காத்திருக்கிறாள். அங்கே உண்மையான விமானத்தில் பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் எங்கள் குடும்பச் சேமிப்பிலிருந்துதான் பணம் போகப் போகிறது. சேருவதற்கு முன்பே கருவிகளைப் படிக்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இதை வாங்கினோம். வேகம், உயரம், திசை, விமானத்தின் சாய்வு என்று கண் ஒரு ஒழுங்கோடு சுற்றி வர வேண்டும். கடையில் இருந்த தம்பியிடம் நான் தெளிவாகவே சொன்னேன்: "இது விளையாட இல்லை. காக்பிட்டில், அதாவது விமானி அறையில், இருக்கும் கருவிகளைப் படித்துப் பழகத்தான்." அவர் தலையாட்டியதோடு நிற்கவில்லை, விலைப்பட்டியலின் அடியில் "விமானப் பயிற்சிக்கு ஏற்றது" என்று தன் கைப்பட எழுதியும் கொடுத்தார். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கருவிகளைத்தான் இந்த ஹெட்செட்டில் படிக்க முடியவில்லை.

நான் தொழிற்பேட்டையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். அளந்து பார்க்காமல் குறை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. உங்கள் பெட்டியில் அச்சிட்டிருப்பதை வைத்தே கணக்குப் போட்டேன். ஒரு கண்ணுக்கு அகலவாக்கில் சுமார் 2,000 பிக்சல் (படப் புள்ளி), பார்வைக் கோணம் சுமார் 100 டிகிரி. அப்படியென்றால் ஒரு டிகிரிக்கு 20 பிக்சல்தான் கிடைக்கிறது. நல்ல பார்வை உள்ள மனிதக் கண் ஒரு டிகிரியில் 60 பிக்சல் வரை பிரித்துப் பார்க்கும். சிமுலேட்டரில், அதாவது விமானம் ஓட்டுவதைக் கணினியில் பழக்கும் மென்பொருளில், என் மகள் பழகுவது செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில். அதன் கார்மின் ஜி1000 கருவித் திரையின் அளவு 10.4 அங்குலம், அகலவாக்கில் 1,024 பிக்சல். இருக்கையில் உட்கார்ந்து சுமார் 70 செண்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால், கண்ணில் அது 17 டிகிரி இடத்தை எடுத்துக்கொள்ளும். 17-ஐ 20-ஆல் பெருக்கினால் 340. ஆயிரத்துச் சொச்சம் பிக்சலில் வரைந்த எழுத்தை 340 பிக்சலுக்குள் அடைத்தால் அது எப்படித் தெரியும்? உயரத்தைக் காட்டும் பெரிய எண்களை ஊகித்துப் படித்துவிடலாம். ரேடியோ அலைவரிசை, அடுத்த வழிப்புள்ளியின் பெயர், எஞ்சின் வெப்ப அளவு எல்லாம் வெறும் கசங்கலாகத்தான் தெரிகின்றன. எட்டும் ஆறும் ஒன்றுபோல் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் இருக்கும் 27 அங்குலச் சாதாரண மானிட்டரையும் இதே முறையில் கணக்கிட்டேன். 2,560 பிக்சல் அகலம், 60 செண்டிமீட்டர் தூரம். டிகிரிக்கு 48 பிக்சல் வருகிறது. உங்கள் ஹெட்செட்டைவிட, பல வருடம் பழைய மானிட்டர் இரண்டு மடங்குக்கும் மேல் தெளிவு. இந்த ஒப்பீட்டைத்தான் உங்கள் கடையில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "கொஞ்சம் முன்னால் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், எழுத்து தெரியும்" என்று பதில் வந்தது. குனிந்தால் தெரிகிறது, உண்மைதான். ஆனால் அது பயிற்சிக்கே கேடு. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும்போது, விமானம் திரும்பிக்கொண்டிருக்கையில் தலையைச் சட்டென்று குனிந்து நிமிர்த்தினால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஏமாந்துவிடும். விமானம் கவிழ்வது போன்ற மயக்கம் வரும். அதனால்தான் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் நகர்த்தப் பழக்குகிறார்கள். நீங்கள் சொன்ன வழியில் என் மகள் பழகினால், பிறகு ஆசிரியர் அந்தப் பழக்கத்தை மாற்றவே தனியாகப் பாடுபட வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கும் நாங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

வெளியே பார்க்கும்போதும் ஒரு முக்கியமான இடத்தில் சிக்கல் இருக்கிறது. பினாங்கு விமான நிலையத்தின் 04 ஓடுபாதையில் தென்மேற்குக் கடல் பக்கமிருந்து இறங்கும் பயிற்சியை அவள் செய்கிறாள். எங்கள் ஊர் ஓடுபாதை என்பதால் அதில்தான் அவளுக்கு ஆர்வம் அதிகம். ஓடுபாதையின் ஓரத்தில் இருக்கும் நான்கு பாப்பி (PAPI) விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் இறங்கும் கோணம் சரி. மூன்று சிவப்பானால் தாழ்ந்துவிட்டோம் என்று பொருள். அந்த விளக்குகளுக்கு இடையில் சுமார் 9 மீட்டர் இடைவெளி இருக்கும். 5 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் நான்கும் சேர்ந்து ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஹெட்செட்டில் அது ஆறு பிக்சல். ஆறு பிக்சலுக்குள் நான்கு விளக்குகளின் நிறத்தைப் பிரித்துப் பார் என்றால் யாரால் முடியும்? சிவப்பும் வெள்ளையும் கலந்து இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு தெரிகிறது. நிலத்துக்கு அருகில் வந்த பிறகுதான் நான்கும் பிரிகின்றன. கோணத்தைத் திருத்த வேண்டிய நேரம் அதற்குள் போய்விடுகிறது.

உங்கள் தொழில்நுட்பப் பணியாளர் எங்கள் கணினியில் தொலைவிலிருந்து நுழைந்து பலவற்றை மாற்றிப் பார்த்தார். பொறுமையாக நேரம் ஒதுக்கியதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர் செய்த எல்லாம் ஒரே சுழலில்தான் முடிந்தது. இந்த ஹெட்செட்டில் விநாடிக்கு 90 படம் வர வேண்டும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் 11 மில்லிவிநாடிதான். அதற்குள் இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு காட்சி வரைய வேண்டும். சிமுலேட்டரோ வானிலை, நிலம், விமானத்தின் இயக்கம் எல்லாவற்றையும் கூடவே கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது. தெளிவைக் கூட்டினால் விநாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மென்பொருள் இடையில் படங்களைத் தானே ஊகித்துச் செருகுகிறது. அப்போது இறக்கையின் ஓரமும் காற்றாடியும் தண்ணீரில் பார்ப்பது போல் நெளிகின்றன, மகளுக்குக் குமட்டல் வருகிறது. குமட்டலைத் தவிர்க்கத் தெளிவைக் குறைத்தால், கொஞ்சநஞ்சம் தெரிந்த எழுத்தும் போய்விடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஹெட்செட்டுக்கு நேரடி டிஸ்பிளே போர்ட் (கணினியிலிருந்து படத்தை அனுப்பும்) இணைப்பு கிடையாது. படம் யூஎஸ்பி கம்பி வழியாகத்தான் போகிறது. சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு சுமார் 17 கிகாபிட் வரும் படத்தைச் சில நூறு மெகாபிட்டாக நசுக்கி அனுப்பி, ஹெட்செட்டுக்குள் மறுபடி விரிக்கிறார்கள். காடும் கடலும் இதைத் தாங்கிக்கொள்ளும், சிறிய எழுத்து தாங்காது. "கம்பி இணைப்பு, முழுத் தெளிவு" என்று உங்கள் விளம்பரம் சொன்னது. கம்பி இருக்கிறது, முழுத் தெளிவு இல்லை.

அப்புறம், கையும் காகிதமும். கருவிப் பறத்தலில் கட்டுப்பாட்டு அறை சொல்வதை முழங்கால் பலகையில் எழுத வேண்டும், வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் பேனாவும் தெரியாது, காகிதமும் தெரியாது. வெளிக் கேமராவுக்கு மாறினால் மங்கலான கறுப்பு வெள்ளைக் காட்சி வருகிறது. அதில் தன் கையெழுத்தையே அவளால் படிக்க முடியவில்லை. கண்ணாடி அணிபவர்களுக்கு உள்ள சிரமத்தையும், நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் பனிப்பதையும் நான் பெரிதுபடுத்தவில்லை. மின்விசிறி வைத்துச் சமாளிக்கிறோம்.

இந்தத் தொழில்நுட்பமே வீண் என்று நான் சொல்லவில்லை. முதல் முறை மாட்டிப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு நிறைந்தது. தலையைத் திருப்பினால் கீழே பாலமும் கடலும், அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தும் தெரிகின்றன. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எப்போது மூக்கைத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் தட்டையான திரையில் ஒருநாளும் இப்படிப் புரியாது. ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சிக்கு, தோளுக்குப் பின்னால் திரும்பி ஓடுபாதையைத் தேடுவதற்கு, இதைவிட நல்ல கருவி வீட்டுக்குக் கிடைக்காது. 2016-இல் வந்த ஓக்குலஸ் ரிஃப்ட்டில் ஒரு கண்ணுக்கு 1080-க்கு 1200 பிக்சல்தான் இருந்தது. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், இன்னும் வருவார்கள். வெளியே பார்த்து ஓட்ட இது தயார். உள்ளே பார்த்து ஓட்ட இன்னும் தயார் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியிருந்தால் நான் மானிட்டரோடு நின்றிருப்பேன், இந்தக் கடிதமும் தேவைப்பட்டிருக்காது.

விளம்பரத்தில் இன்னொரு வாசகம் என்னை மிகவும் வருத்தியது. "விமான ஆணையங்கள் ஏற்றுக்கொண்ட விஆர் தொழில்நுட்பம்" என்று போட்டிருக்கிறீர்கள். 2021-இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு விஆர் பயிற்சிக் கருவி ஒன்றுக்கு முதன்முதலாக ஒப்புதல் கொடுத்தது உண்மை. அது சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று செய்த, ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்கான கருவி. அசையும் மேடை, உண்மை அளவுக் காக்பிட், விமானியின் கையைக் கண்காணிக்கும் அமைப்பு எல்லாம் சேர்ந்த முழுக் கருவிக்குக் கிடைத்த ஒப்புதல் அது. கடையில் வாங்கி மேசை மேல் வைக்கும் ஹெட்செட்டுக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. பிள்ளையை விமானியாக்கச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் பெற்றோர் இந்த வாசகத்தைப் படித்தால், வீட்டில் பழகும் நேரமும் விமானப் பயிற்சி நேரக் கணக்கில் சேரும் என்றுதான் நினைப்பார்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

உங்கள் கண்ணாடி அலமாரியில் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி வகைப் பழைய ஹெட்செட்டுகளை "சிமுலேட்டருக்குச் சிறந்தது" என்ற அட்டையோடு இன்னும் வைத்திருப்பதையும் பார்த்தேன். அந்த அமைப்பைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அதை நீக்கியும் விட்டது. நீங்கள் விற்கும் புதிய கணினிகளில் இருப்பது அதற்குப் பிந்திய விண்டோஸ்தான். வாங்குகிறவரிடம் இதைச் சொல்கிறீர்களா?

திறந்த பெட்டியைத் திரும்பப் பெற முடியாது என்பது உங்கள் கடைசிப் பதில். மாட்டிப் பார்க்காமல் ஒரு ஹெட்செட்டின் தெளிவை எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் நீங்கள் காட்டியது திமிங்கிலம் நீந்தும் காட்சி மட்டும்தான், காக்பிட் இல்லை. நம் நாட்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, வாங்குபவர் எந்தப் பயனுக்காக என்று தெரிவித்து வாங்கினாரோ அந்தப் பயனுக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. நான் பயனைச் சொன்னேன், உங்கள் பணியாளர் அதைக் கைப்பட எழுதி ஒப்புக்கொண்டார்.

ரசீதில் ஹெட்செட்டுக்குத் தனியாகக் குறித்திருக்கும் ரிம 2,600-ஐ எனக்குத் திருப்பித் தர வேண்டும். ஹெட்செட் கீறல் இல்லாமல் பெட்டியோடு இருக்கிறது. பணமாகத் தர முடியாவிட்டால், அதே மதிப்புக்கு இன்னொரு 27 அங்குல மானிட்டரும், தலையின் அசைவைப் பின்தொடரும் ட்ராக்ஐஆர் போன்ற கருவியும் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். என் மகளுக்கு இப்போது தேவைப்படுவது அதுதான். அதோடு, சிமுலேட்டருக்காக ஹெட்செட் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு காக்பிட்டைத் திறந்து, கருவியில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்லிவிட்டு அதன் பிறகு விற்கும்படி உங்கள் பணியாளர்களிடம் சொல்லுங்கள். படிக்க முடிந்தவர் வாங்கிக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு செய்வேன். அங்கே 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம் என்பது உங்களுக்கும் தெரியும். அதற்கு அவசியம் வராமல் பேசித் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறேன். சனிக்கிழமைகளில் காலை நேரத்தில் ஹெட்செட்டோடு கடைக்கு வர முடியும்.

ரசீது, விலைப்பட்டியல், விளம்பரம் ஆகியவற்றின் நகல்களையும், மானிட்டரிலும் ஹெட்செட்டிலும் ஒரே கருவித் திரை எப்படித் தெரிகிறது என்று எடுத்த படங்களையும் இணைத்துள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்