பெர்லின் தங்கத்துக்கு முந்தைய பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான 1936 பெர்லின் ஒலிம்பிக் பற்றிய கட்டுரை, துடுப்புப் படகுப் போட்டியில் அமெரிக்க அணி பெற்ற வெற்றியை ஹிட்லரின் கண்ணெதிரே நிகழ்ந்த சாதனை என்று பாராட்டியதோடு நின்றுவிட்டது. அந்தப் படகின் ஏழாம் இருக்கையில் துடுப்பு வலித்த ஜோ ரான்ட்ஸ் எப்படிக் கல்லூரி வாசலை மிதித்தார் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1914-இல் பிறந்த அவர் சிறு வயதிலேயே தாயை இழந்தவர். 15 வயதில், வாஷிங்டன் மாநிலத்தின் சீக்விம் என்னும் ஊரில், தந்தையும் சிற்றன்னையும் மற்றப் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, இவரை மட்டும் தனியே விட்டுவிட்டுப் போய்விட்டனர். மரம் வெட்டியும் கிடைத்த கூலி வேலைகளைச் செய்தும் வயிற்றைக் கழுவிய அவர், பின்னர் சியாட்டிலில் அண்ணன் வீட்டில் தங்கிப் பள்ளிப்படிப்பை முடித்து, பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த 1933-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படகு அணியில் இடம் பிடித்தால் வளாகத்தில் பகுதிநேர வேலை உறுதி என்பதே அவரை ஆற்றல் முழுவதையும் செலவிட வைத்தது. பதக்கக் கனவெல்லாம் பிறகு வந்ததுதான். 1935 கோடையில் கிராண்ட் கூலி அணைக்கட்டில் பாறை உடைத்து அடுத்த ஆண்டுப் படிப்புக்குப் பணம் சேர்த்தார்.

அமெரிக்காவின் சார்பில் செல்வதற்கான ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் இந்தப் பல்கலைக்கழக அணி வென்ற பிறகும், பெர்லின் செல்லும் செலவை அணியே ஏற்க வேண்டும் என்று சொல்லப்பட்டபோது, சியாட்டில் மக்கள் சில நாள்களில் 5,000 டாலர் திரட்டிக் கொடுத்தனர். வெற்றியில் பாதிப் பங்கு இவர்களுக்கு உரியது என்றே சொல்வேன்.

ஆகஸ்ட் 14 அன்று பெர்லினின் குரூனாவ் பகுதி நீர்ப்பரப்பில், காற்று தாக்கும் வெளித்தடம் ஒதுக்கப்பட்டு, முதன்மைத் துடுப்பாளர் டான் ஹியூம் உடல்நலமின்றி இருந்த நிலையிலும், புறப்பாட்டில் பின்தங்கிய அந்தப் படகு இத்தாலியை 0.6 விநாடி வித்தியாசத்தில் முந்தியது. ஜெர்மனி மூன்றாவதாக வந்தது.

ரான்ட்ஸ் 1939-இல் வேதியியல் பொறியியல் பட்டம் பெற்று, போயிங் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றி, 2007-இல் காலமானார். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் நம் கல்லூரி மாணவர்களுக்காகவேனும், தங்கள் மாணவர் இணைப்பில் அவருடைய வாழ்க்கையை விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருச்சி.