நீ அணைத்து வைத்த லேயர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இரண்டு முறை பதில் எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டேன்; அதற்குச் சாக்கு எதுவும் என்னிடம் இல்லை. இங்கு அனைவரும் நலம். வரைபடத்தைத் திறந்தாலே மடிக்கணினி கொதிக்கிறது, விசிறி அலறுகிறது, என்ன செய்வது என்று நீ கேட்டிருந்தாய். படிக்கும்போது சிரிப்புத்தான் வந்தது. அடுத்த மாதமே என் கணினிக்கும் அதே நோய் வந்து சேர்ந்தது. போன வாரம்தான் காரணம் பிடிபட்டது. அதில் உனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால், இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டட வரைபடங்கள் வரையும் ஆட்டோகேட் மென்பொருளில் ஒரு சாதாரணத் தரைத்தள வரைபடம். இருபது சுவர், பத்துக் கதவு, அவ்வளவுதான். ஆனால் சற்றுப் பெரிதாக்கினால் திரை அப்படியே நின்றுவிடும், விசிறி உச்சக்குரலில் கத்தும், விசைப்பலகையின் மேல் வரிசையில் விரல் வைக்க முடியாது. வெப்பத்தைக் காட்டும் சிறு மென்பொருள் ஒன்றை நிறுவிப் பார்த்தேன். 97 டிகிரி என்றது. கணினியின் மூளையான ப்ராசஸருக்கு 100தான் எல்லை, அதை நெருங்கினால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த வேகக் குறைவைத்தான் நான் ‘கணினிக்கு வயதாகிவிட்டது’ என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாம் ‘அளவுகோல்’ என்று அழைக்கும் நண்பனிடமும் கேட்டேன். இயங்குதளத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னான். தலைவலிக்கும் அவன் அதையேதான் சொல்வான் என்பது உனக்குத் தெரியும்.

என்னை மூன்று மாதம் ஏமாற்றியது ஒரே ஓர் எண். கணினியின் சுமையைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் பயன்பாடு 8 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. எட்டு சதவீத வேலைக்கா இவ்வளவு சூடு என்று எண்ணி, பழியை விசிறியின் மேலேயே போட்டேன். பிறகு ஒரு நாள் அந்த வரைகோட்டின் மேல் வலச்சொடுக்கி, ஒவ்வொரு த்ரெட்டையும், அதாவது ப்ராசஸரில் வேலை ஓடும் ஒவ்வொரு தடத்தையும், தனித்தனிக் கட்டமாகக் காட்டும்படி மாற்றினேன். பதினாறு கட்டங்களில் பதினைந்து ஏறத்தாழ உறங்கிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் கூரையை முட்டிக்கொண்டு நின்றது; சில நொடிகளில் அந்தச் சுமை பக்கத்துக் கட்டத்துக்குத் தாவியது. நூறைப் பதினாறால் வகுத்தால் ஆறேகால். அதாவது ஒரு த்ரெட் உயிரைக் கொடுத்து உழைத்தாலும் மொத்தக் கணக்கில் அது ஆறு சதவீதமாகவே தெரியும். வரைவு மென்பொருள்களின் பெரும்பாலான வேலைகள் ஒரே த்ரெட்டில்தான் நடக்கின்றன. ப்ராசஸருக்குள் கணக்கிடும் அலகுகளான கோர்கள் எல்லாம் ஒன்றுகூடி இழுப்பது பெரும்பாலும் ரெண்டரிங்கின்போது, அதாவது மாதிரியை நிழற்படம் போன்ற காட்சியாக மாற்றும்போதுதான். தனியாக உழைக்கும் கோருக்கோ ப்ராசஸர் தன் உச்ச வேகத்தையும் உயர்ந்த மின்னழுத்தத்தையும் தாராளமாகக் கொடுக்கிறது. மின்னழுத்தம் ஏறினால் செலவாகும் ஆற்றல் அதன் இருமடியில் ஏறும். அந்த வெப்பம் முழுவதும் கடுகளவு இடத்தில் பிறந்து அங்கிருந்துதான் வெளியேறியாக வேண்டும்.

அந்த ஒற்றை த்ரெட் அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தது? இங்கேதான் நீ வருகிறாய். நாம் சேர்ந்து வேலை செய்த காலத்தில் நீ உருவாக்கிக் கொடுத்த மாதிரிக் கோப்பு நினைவிருக்கிறதா? அந்தப் புகழ்பெற்ற ‘இறுதி_இறுதி_3’? இன்றுவரை என் ஒவ்வொரு வேலையும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. அதில் எதுவுமே வரையாமல் சேமித்தாலும் 38 எம்பி வருகிறது. வரைபடத்தைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரிக்கும் லேயர்களின் பட்டியலை மேலிருந்து கீழாகத் துழாவியபோது, ‘புல்_பார்க்கலாம்’ என்ற பெயரில் ஒன்று அகப்பட்டது. அணைந்திருந்த அந்த லேயரின் விளக்குக் குறியை ஏற்றிப் பார்த்தேன். கணினி ஒரு நிமிடம் மூச்சை அடக்கிவிட்டு, மனை முழுவதையும் கறுப்பாக்கியது. பரப்பைக் கோடுகளால் நிரப்பும் ஹேட்ச்சின் அளவு விகிதத்தைச் சரிசெய்யாமல் விட்டிருக்கிறாய். இலட்சக்கணக்கான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. கண்ணை உறுத்தியதால் லேயரை ஆஃப் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று நீ எழுந்து போயிருக்கிறாய். ஆஃப் செய்த லேயர் திரையில் தெரியாதே ஒழிய, வரைபடத்தை ரீஜென் செய்யும்போதெல்லாம், அதாவது திரைக்காக மறுபடி கணக்கிடும்போதெல்லாம், அதிலுள்ளவற்றையும் மென்பொருள் கணக்கிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஃப்ரீஸ் செய்திருந்தால் தொடாமல் விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத உன் புல்லை எத்தனை ஆண்டுகளாக நான் மேய்த்துக்கொண்டிருந்தேன் என்று எண்ணிப் பார்.

அந்த ஹேட்ச்சை அழித்து, பர்ஜ் கட்டளையால் பயன்படாத பிளாக்குகளையும் (திரும்பத் திரும்ப வைக்கும் ஆயத்த உருவங்கள்) லேயர்களையும் நீக்கினேன். ஒருமுறை நீக்கியதும் புதிதாகச் சில வேண்டாதவையாக மாறித் தலைகாட்டியதால், மூன்று முறை கொடுக்க வேண்டியிருந்தது. கோப்பு 2 எம்பிக்கு இறங்கியது. நீ இன்னும் அந்த மாதிரிக் கோப்பைத்தான் பயன்படுத்துகிறாய் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

என் பங்குக்கு நானும் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, நான் ஒரு சிறு கோடு மட்டும் வரைந்திருந்தாலும், விசிறி திடீரென்று வேகமெடுக்கும். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த பிறகே உறைத்தது: தானியங்கிச் சேமிப்பின் இடைவெளி பத்து நிமிடம். அந்தக் கோப்புகள் பத்திரமாக இருக்கட்டும் என்று, அவை சேரும் இடத்தை மேகச் சேமிப்புக் கோப்புறைக்குள் நானே மாற்றி வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் கோப்பு எழுதப்பட, வைரஸ் தடுப்பான் அதை முகர்ந்து பார்க்க, மேகச் சேமிப்பு அதைத் தூக்கிக்கொண்டு ஓட, மூன்றும் ஒன்றையொன்று துரத்தியிருக்கின்றன. பழைய இடத்துக்கே திருப்பியதும் அந்த ஓலம் அடங்கியது.

நீ கேட்டிருந்த கிராஃபிக்ஸ் அட்டை விஷயம்: விண்டோஸின் திரை அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், வரைவு மென்பொருளுக்குத் தனி அட்டையை ஒதுக்கிவிடு. முப்பரிமாண மாதிரியைச் சுழற்றும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் சூடு குறையும் என்று எதிர்பார்க்காதே. பல மடிக்கணினிகளில் ப்ராசஸர், கிராஃபிக்ஸ் ஆகிய இரண்டு சில்லுகளுக்கும் வெப்பக் குழாய் ஒன்றுதான். சூட்டைக் குறைக்க எனக்குக் கைகொடுத்தது வேறொன்று. விண்டோஸின் மின் திட்டத்தில் ப்ராசஸரின் உச்ச நிலையை 100இலிருந்து 99க்கு மாற்றினேன். பார்வைக்கு ஒரு சதவீதம்தான். ஆனால் ப்ராசஸர் தேவைப்படும்போது தானே கூட்டிக்கொள்ளும் டர்போ வேகம் அத்தோடு நின்றுவிடுகிறது. 97இலேயே நின்றிருந்த வெப்பம் 70களுக்கு வந்தது. ரெண்டரிங் சற்று மெதுவாகிறது, அதற்கு மட்டும் மறுபடி 100 ஆக்கிக்கொள்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகும் மனம் கேட்காமல், தூசி தட்டலாம் என்று அடிமூடியைத் திறந்தேன். விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு போல ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்ததும் கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினேன். பேட்டரி உப்பியிருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய மூன்று பைகளில் நடுவிலுள்ளது தலையணை போல எழும்பி, டச்பேடை அடியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக டச்பேடின் சொடுக்கு இறுகிக் கிடந்ததற்கு என் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போதும் மின்னிணைப்பிலேயே, நூறு சதவீத மின்னேற்றத்தோடு, பல மணி நேரம் சூட்டில் வைத்திருந்தால் லித்தியம் அயன் பேட்டரி சீக்கிரம் கெடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அப்படியேதான் வைத்திருந்தேன். அந்தப் பை கிழிந்திருந்தால் தீப்பற்றியிருக்கக்கூடும். இரவுகளில் அது என் படுக்கைக்குப் பக்கத்தில்தான் மின்னேற்றத்தில் கிடந்தது என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பேட்டரியை அழுத்தாமல், குத்தாமல் கணினியைப் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் சென்று அதைக் கழற்றச் சொன்னேன். புதியது வரும்வரை மின்னிணைப்பிலேயே ஓட்டுகிறேன். வந்ததும், மின்னேற்றம் 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைத்துவிடுவேன்.

உன் கணினியும் என்னுடையதும் ஒரே ஆண்டில் வாங்கியவை. கேலியை விட்டுவிட்டுச் சொல்கிறேன்: இதைப் படித்து முடித்ததும் அதை அணைத்து, மூடி, சமதளமான மேசையில் வை. ஒரு மூலையை விரலால் தொட்டுப் பார், ஆடுகிறதா? டச்பேடின் விளிம்பு ஓரிடத்திலாவது மேலே எழும்பியிருக்கிறதா? அப்படியிருந்தால் மின்னிணைப்பைப் பிடுங்கிவிடு, அதைத் திரும்ப இயக்காதே. எதுவும் இல்லையென்றால் கோப்பைத் திறந்து அந்தப் புல்லைத் தேடு. இரண்டில் எது என்று இன்று இரவே எனக்கு ஒரு வரி எழுது. என்னைப் போல எட்டு மாதம் எடுத்துக்கொள்ளாதே.

என்றும் உன்,
கோணல்